தாய்ப்பத்திரத்தைத் தேடி: திருத்தணி நிலங்களின் வழியே சொத்துச் சட்டம்



1960-ஆம் ஆண்டு மார்ச் 31 வரை திருத்தணி ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. மறுநாள், ஏப்ரல் 1 முதல், சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கரின் பரிந்துரை, 1959-இல் நாடாளுமன்றம் இயற்றிய எல்லை மாற்றச் சட்டம் ஆகியவை இந்த ஊரில் பலரும் அறிந்த செய்திகள். நான் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. மார்ச் 31 இரவு நந்தியாற்றங்கரையில் ஒரு காணி நிலத்துக்கு உரிமையாளராகப் படுக்கப்போன உழவர், மறுநாள் காலையில் யாராக எழுந்தார்?

அதே உரிமையாளராகத்தான் எழுந்தார். வரி கட்டும் கச்சேரி மாறியது. மேல்முறையீட்டுக்குப் போகும் உயர் நீதிமன்றம் மாறியது. அவருடைய உரிமையில் இம்மியும் மாறவில்லை. ஒரே நாட்டுக்குள் மாநில எல்லை நகரும்போது தனியார் சொத்துரிமை அப்படியே தொடரும். அந்தப் பகுதியில் அதுவரை நடப்பில் இருந்த சட்டங்களும், அதிகாரமுள்ள சட்டமன்றம் மாற்றும் வரை தொடரும். சொத்து மாற்றுச் சட்டம் 1882, பதிவுச் சட்டம் 1908 இரண்டும் எல்லைக்கு இருபுறமும் ஒரே சட்டங்கள்தாம். ஆனால் நிலம் என்ற பொருள் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. எனவே வருவாய் ஆவணங்கள், குத்தகைப் பாதுகாப்பு, நில உச்சவரம்பு, கோயில் நிலம் ஆகியவற்றில் எல்லைக் கல்லைத் தாண்டினால் சட்டம் மாறும்.

நில வழக்கு நிலம் இருக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. கட்சிக்காரர் சென்னையில் இருக்கலாம், பாரிசில் இருக்கலாம். நிலம் நகரியில் இருந்தால் ஆந்திர நீதிமன்றம், திருத்தணியில் இருந்தால் தமிழ்நாட்டு நீதிமன்றம். நகரி இங்கிருந்து பார்த்தால் பக்கத்து ஊர். உறவும் வணிகமும் இரண்டு பக்கமும் உள்ள குடும்பங்கள் இங்கே நிறைய. வழக்குக் கட்டை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது நிலம் எந்த மாநிலத்தில், எந்தச் சார்பதிவாளர் எல்லைக்குள் கிடக்கிறது என்பதைத்தான்.

நான் இன்று சொல்ல வந்த செய்தி ஒன்றே ஒன்று. நம் நாட்டில் நில உரிமை எந்த ஒரு தாளிலும் இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் சட்டப்படி கைமாறி வந்த தொடர்ச்சியில்தான் அது இருக்கிறது. அந்தத் தொடர்ச்சியைக் கண்ணி கண்ணியாகப் படிக்கத் தெரிந்தவரே நில வழக்கறிஞர். பாடப்புத்தகத்தில் தனித்தனி விதிகளாக நீங்கள் படிப்பவையெல்லாம் இந்தச் சங்கிலியின் ஏதாவது ஒரு கண்ணியைச் சோதிக்கும் விதிகள்.

திருத்தணி வட்டத்தில் ஒரு நிலத்தின் பழைய பத்திரங்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். 1905-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் தலைப்பில் வட ஆற்காடு ஜில்லா என்றிருக்கும். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானதால் 1930-ஆம் ஆண்டுப் பத்திரம் சித்தூர் ஜில்லா என்று தொடங்கும். 1965-இல் செங்கல்பட்டு. 1997-க்குப் பின் திருவள்ளூர். மண் ஒன்று, முகவரி நான்கு. பழைய பத்திரம் தெலுங்கில் எழுதப்பட்டிருக்கலாம். அளவு எண்ணும் மாறியிருக்கும்: ஜமீன் காலத்துப் பைமாஷ் எண் ஒன்று, ஜமீன் ஒழிந்தபின் நடந்த நில அளவையில் தந்த எண் ஒன்று, பின்னால் வந்த உட்பிரிவு எண் ஒன்று. இவை மூன்றும் ஒரே நிலத்தைக் குறிக்கின்றன என்று நிறுவ முடியாமல் நியாயமான வழக்குகள் தோற்றிருக்கின்றன. அப்போது துணைக்கு வருவது பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள சொத்து விவரமும், நான்கெல்லையைக் குறிக்கும் செக்குபந்தியும்தான். பரப்பளவும் நான்கெல்லையும் ஒன்றோடொன்று முரண்பட்டால் பொதுவாக நான்கெல்லையே மேலோங்கும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் விதி. ஏனெனில் எழுதியவர் சென்டுக் கணக்கில் தவறலாம். கிழக்கே யாருடைய வயல், மேற்கே எந்த வாய்க்கால் என்பதில் கிராமத்து மனிதர் தவறுவது அரிது.

நான்கெல்லை குறிக்கும் பழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதியதன்று. திருத்தணிக்கு அருகே வேலஞ்சேரியில் 1977-இல் கிடைத்த செப்பேடுகள் பல்லவன் அபராஜிதனும் சோழன் முதலாம் பராந்தகனும் அளித்தவை. இரா. நாகசாமி அவற்றைப் பதிப்பித்தார். வெள்ளையர் வந்துதான் நமக்கு ஆவணம் எழுதக் கற்றுக்கொடுத்தனர் என்று நினைப்பவர்கள் அந்தப் பதிப்பை ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

சங்கிலியின் முதல் விதிக்கு வருவோம். தன்னிடம் இல்லாததை ஒருவர் பிறருக்குத் தர முடியாது. இந்த ஒரு வரி புரிந்தால் சொத்துச் சட்டத்தின் பாதி புரிந்துவிடும். இந்த ஊரிலேயே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. திருத்தணிப் பகுதி கார்வேட்நகர் ஜமீனைச் சேர்ந்தது. 1908-ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடியானவர்களுக்குச் சாகுபடி நிலத்தில் நிலையான உரிமையை உறுதிசெய்தது. அதன் பின் ஜமீன்தாரிடம் இருந்தது பெரும்பாலும் வரி வாங்கும் உரிமைதான், உழவுரிமை குடியானவருடையது. 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம், அறிவிக்கை செய்த நாளிலிருந்து, ஜமீன் முழுவதையும் எந்தப் பொறுப்பும் ஒட்டாமல் அரசிடம் சேர்த்தது. குடியானவருக்கு 11-ஆவது பிரிவின்படி ரயத்துவாரிப் பட்டா. ஜமீன்தாரின் பண்ணை நிலத்துக்கு 12-ஆவது பிரிவின்படி அவருக்குப் பட்டா. ஏரி, குளம், களம், மேய்ச்சல் நிலம் முதலிய பொது நிலங்கள் அரசுக்கு.

இப்போது ஒருவர் ஜமீன் வாரிசு எழுதிக்கொடுத்தது என்று ஒரு கிரயப்பத்திரத்தைக் கொண்டு வருகிறார். சொத்து ஓர் ஏரிப் புறம்போக்கு. பத்திரம் முறையாக எழுதப்பட்டிருக்கிறது, முத்திரைத்தாள் சரி, பதிவும் ஆகியிருக்கிறது. இத்தனையும் இருந்தும் அந்தப் பத்திரத்தின் வழியே ஒரு சென்ட்கூட வராது. எழுதிக்கொடுத்தவரிடம் அந்த நாளில் கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

இந்த விதிக்கு இரண்டு முக்கியமான விலக்குகளைச் சட்டமே தந்திருக்கிறது. உண்மை உரிமையாளர் தம் சம்மதத்தோடு இன்னொருவரை உரிமையாளர்போல் காட்டிக்கொள்ள விட்டு, அவரிடமிருந்து ஒருவர் உரிய விசாரணை செய்து, நல்லெண்ணத்துடன், விலை கொடுத்து வாங்கினால் அவரைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு காக்கும். உரிய விசாரணை என்ற சொற்கள்தாம் இதில் உயிர்நாடி. விசாரிக்காமல் வாங்கியவர்கள் இந்தப் பிரிவை நம்பி வந்து தோற்பதைப் பார்க்கிறோம். இன்னொன்று 43. உரிமை தமக்கு இருப்பதாகப் பொய்யாகவோ தவறாகவோ சொல்லி விற்றவருக்குப் பிற்பாடு அந்த உரிமை வந்து சேர்ந்தால், வாங்கியவர் கேட்கும்போது அதைத் தந்தாக வேண்டும். ஆனால் தந்தை உயிரோடிருக்கும்போதே நாளைக்கு எனக்கு வரப்போகிற பங்கு என்று மகன் விற்பது வேறு கதை. வெறும் எதிர்பார்ப்பை மாற்றித்தர முடியாது என்று 6-ஆவது பிரிவின் முதல் விதியே தடுக்கிறது.

மக்கள் மிக அதிகமாகக் குழம்பும் இடம் பட்டா. கையில் பட்டா இருக்கிறதே, இன்னும் என்ன என்று கேட்காத கட்சிக்காரர் இல்லை. வருவாய்த் துறையின் பட்டா, யார் வரி கட்டப் பொறுப்பானவர் என்று அரசு வைத்திருக்கும் கணக்கு. பட்டா மாறுதல் உரிமையை உண்டாக்காது, இருக்கும் உரிமையை அழிக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 1990-களிலேயே பலமுறை தெளிவாகச் சொல்லிவிட்டது. 1979-இல் தொடங்கி 80-களில் நடந்த நிலவுடைமை ஆவண மேம்பாட்டுத் திட்டத்தை ஊரில் யுடிஆர் என்றே சொல்வார்கள். "யுடிஆர்-ல தப்பா ஏறிடுச்சு" என்ற வாக்கியத்தை எந்த வட்டாட்சியர் அலுவலக வாசலிலும் கேட்கலாம். அண்ணன் பெயர் மட்டும் ஏறித் தம்பி பெயர் விட்டுப்போனது, பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் பத்து சென்ட் சேர்ந்துகொண்டது என்று எத்தனையோ. அந்தப் பிழையால் தம்பியின் உரிமை போகவில்லை. அவர் மேல்முறையீட்டில் திருத்தம் கேட்கலாம்; உரிமையே தகராறானால் உரிமையியல் நீதிமன்றத்துக்கு வரலாம்.

ஆனால் எல்லாப் பட்டாவும் ஒரே எடை கொண்டவை அல்ல. ஜமீன் ஒழிப்பு, இனாம் ஒழிப்புச் சட்டங்களின்கீழ் விசாரணை நடத்தி நிலவரித் திட்ட அலுவலர் தந்த ரயத்துவாரிப் பட்டாவை, பின்னாளில் பெயர்மாற்றம் செய்து வாங்கிய பட்டாவோடு சேர்த்து ஒதுக்கிவிடக் கூடாது. அது சங்கிலியின் தொடக்கக் கண்ணியாகவே நிற்கக்கூடியது. அதையும் மறுத்து உரிமையியல் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்ப முடியுமா? 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பொறுத்து, முடியும் என்ற வழியை உச்ச நீதிமன்றம் 1985-இல் ராமலிங்க சாமிகள் மடம் வழக்கில் திறந்து வைத்தது. அந்த வழக்கு தமிழ்நாட்டிலிருந்து சென்றது. மாணவர்கள் முழுத் தீர்ப்பையும் படிக்க வேண்டும், தலைக்குறிப்பு போதாது.

பட்டா உரிமையைத் தராது என்றால் பதிவான பத்திரம் தருமா? இங்கேதான் நம் நாட்டுச் சட்டத்தின் அடிப்படை அமைப்பு வெளிப்படுகிறது. 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில் அரசுப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பதிவே உரிமையைத் தருகிறது. நாம் பின்பற்றுவது வேறு முறை. நம் சார்பதிவாளர் பதிவது ஆவணத்தை. எழுதியவர் வந்தாரா, தாம் எழுதியதாக ஒப்புக்கொண்டாரா, அடையாளம் சரியா என்று அவர் பார்ப்பார். எழுதிக்கொடுத்தவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிப்பது அவர் வேலையன்று.

இதை அண்மையில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே மீண்டும் உறுதிசெய்தது. தாய்ப்பத்திரத்தின் அசலையும் வில்லங்கச் சான்றையும் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்ற விதியைச் சேர்த்திருந்தார்கள். 2025 ஏப்ரல் 7-ஆம் நாள், கோபி எதிர் சார்பதிவாளர் வழக்கில், அந்த விதியின் முதல் உட்பிரிவு தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் அதை நீக்கியது. எழுதிக்கொடுப்பவரின் உரிமையை ஆராயும் அதிகாரம் பதிவுச் சட்டத்தில் சார்பதிவாளருக்கு இல்லை என்பதே காரணம். அதே நிபந்தனையைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவரும் முயற்சியும் அதன்பின் நம் மாநிலத்தில் எழுந்தது. நீங்கள் ஒரு பத்திரத்தைக் கையாளும் நாளில் எந்த நிலை நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். போலிப் பத்திரங்களைத் தடுக்க வேண்டும் என்ற அரசின் கவலை உண்மையானது. நான் அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அசல் பத்திரம் தொலைந்த ஏழைக் குடும்பம் தன் நிலத்தை விற்கவே முடியாமல் நின்றதும் உண்மை.

எல்லைக்கு அப்பால் இதைவிடப் பெரிய சோதனை ஒன்று நடந்தது. ஆந்திரப் பிரதேசம் பதிவேட்டையே உரிமைக்குச் சான்றாக்கும் நில உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றி 2023-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2024 தேர்தலில் அது பெரும் பிரச்சினையானது. ஆட்சி மாறியதும் அந்த ஆண்டே சட்டம் நீக்கப்பட்டது. தகராறை நீதிமன்றத்திடமிருந்து அதிகாரியிடம் நகர்த்துகிறார்கள் என்ற அச்சம் உழவர்களிடம் இருந்தது. என் கருத்து இது: பதிவேடுகளில் உள்ள பிழைகளைக் கிராமம் கிராமமாகத் திருத்தி முடிக்காமல் பதிவேட்டுக்கு இறுதித்தன்மை தருவது, பிழையையே உரிமையாக்கிவிடும். அந்தத் திருத்தம் முடியும் வரை நமக்கு இருப்பது பழைய வழிதான். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை ஒவ்வொரு கைமாற்றத்தையும் படிப்பது.

அப்படிப் படிக்கும்போது வில்லங்கச் சான்றை எல்லாம் அறிந்த சாட்சியாக நினைக்கக் கூடாது. அதில் பதிவான ஆவணம் மட்டுமே தெரியும். உயில் தெரியாது. உயில் இல்லாமல் இறந்தவரின் வாரிசுகள் தெரியமாட்டார்கள். நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கு தெரியாது. அந்த வழக்கு நடக்கும்போது வாங்கியவர், வழக்கைப் பற்றி ஒன்றுமே அறியாமல் வாங்கியிருந்தாலும், தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. நிலத்தில் யார் இருக்கிறார் என்பதும் சான்றில் தெரியாது. ஒருவர் அனுபவத்தில் இருப்பதே அவருக்குள்ள உரிமையைப் பற்றிய அறிவிப்பு என்று அதே சட்டத்தின் 3-ஆவது பிரிவின் விளக்கம் சொல்கிறது. நிலத்துக்கு நேரில் போகாமல் சட்டக் கருத்துரை எழுதுவது தவறு என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த விளக்கம்தான்.

கைமாற்றத்தின் வடிவங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், புத்தகத்தில் விரிவாக இருக்கிறது. நூறு ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலத்தைப் பதிவான ஆவணத்தால் மட்டுமே விற்க முடியும். கிரய ஒப்பந்தம் நிலத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்கும் உரிமையை மட்டுமே தரும், அதற்கும் மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு. ஒப்பந்தத்தின்பேரில் நிலத்தைக் கையில் வாங்கியவருக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஏ பிரிவு தரும் பாதுகாப்பு, 2001 திருத்தத்துக்குப்பின் ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் மட்டுமே கிடைக்கும். பவர் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் சேர்த்து வாங்கிவிட்டு நிலம் எனதாகிவிட்டது என்று நினைத்த நாடெங்குமுள்ள மக்களுக்கு, 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது விற்பனையாகாது என்று தெளிவுபடுத்தியது. மைனர் குழந்தையின் நிலத்தை இந்துத் தந்தையோ தாயோ நீதிமன்ற அனுமதியின்றி விற்றால், குழந்தை வயதுக்கு வந்து மூன்றாண்டுக்குள் அதை ரத்துசெய்யக் கேட்கலாம். மனைப் பிரிவுகள் பெருகும் சென்னை–திருப்பதி சாலையோரத்தில் இந்த விதிகள் அனைத்தும் தினசரித் தேவை.

கோயில் நிலத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். படைவீடு ஒன்றின் அடிவாரத்தில் வாழும் நமக்கு இது வெறும் பாடமன்று. இந்துக் கோயிலின் மூர்த்தி சட்டத்தின் முன் ஒரு நபர். தம் பெயரில் சொத்து வைத்திருக்கலாம், வழக்குத் தொடரலாம். 1925-இல் பிரிவி கவுன்சில் பிரமத நாத் மல்லிக் வழக்கில் இதை விரிவாகப் பேசியது. மூர்த்தியின் நலனை மைனரின் நலனைப்போல் காக்க வேண்டும் என்பது நீதிமன்றங்களின் அணுகுமுறை. எனவே அறங்காவலரோ அர்ச்சகரோ அலுவலரோ உரிமையாளர்கள் அல்லர். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி கோயில் நிலத்தை விற்பதும், அடமானம் வைப்பதும், பரிவர்த்தனை செய்வதும், ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதும் ஆணையரின் ஒப்புதல் இல்லாவிட்டால் செல்லாது. அப்படி ஒப்புதல் இல்லாத ஆவணத்தைப் பதிவுசெய்ய மறுக்கச் சார்பதிவாளருக்குப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு கட்டளையிடுகிறது. உரிமையை ஆராயும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று சற்றுமுன் சொன்ன விதிக்குச் சட்டமன்றமே செய்துவைத்த விலக்கு இது.

காலம் கடந்தால் கோயில் நிலம் அனுபவித்தவருக்கே சேரும் என்று நினைப்பவர்களும் உண்டு. தனியார் நிலத்தில் எதிர்மறை அனுபவம் பன்னிரண்டு ஆண்டு. அரசு நிலத்தில் முப்பது ஆண்டு. அந்த அனுபவம் வன்முறையின்றி, ஒளிவுமறைவின்றி, யாருடைய அனுமதியும் இன்றி, உரிமையாளருக்கு எதிராக நடந்திருக்க வேண்டும். வாடகைக்கு வந்தவர், குத்தகைக்கு வந்தவர், உறவினர் என்று தங்க இடம் கொடுக்கப்பட்டவர் ஆகியோர் அனுமதியில் இருப்பவர்கள். எத்தனை ஆண்டானாலும் அது எதிர்மறை ஆகாது. கோயில் நிலத்துக்கோ, மீட்பு வழக்குக்குக் காலவரம்புச் சட்டமே பொருந்தாது என்று 2003 திருத்தத்துக்குப்பின் அறநிலையத் துறைச் சட்டத்தின் 109-ஆவது பிரிவு கூறுகிறது. விளக்கேற்றவும், பூமாலை கட்டவும், நாகசுரம் வாசிக்கவும் கொடுக்கப்பட்ட ஊழிய இனாம் நிலங்கள் வேறு வகை. அங்கே கொடுத்தது நிலத்தையா, மேல்வாரம் என்னும் வரியை மட்டுமா என்று இனாம் பதிவேட்டையும் 1963-ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் நடந்த விசாரணையையும் பார்த்தே சொல்ல முடியும்.

கோயில் ஊர்களில் மட்டும் அன்றாடம் காதில் விழும் சொல் அடிமனை. தரை கோயிலுடையது, மேலே நிற்கும் வீடோ கடையோ குடியிருப்பவருடையது. இங்கிலாந்துச் சட்டத்தின் பழைய விதிப்படி மண்ணில் நட்டது மண்ணோடு சேர்ந்துவிடும், கட்டடம் நிலக்காரருக்கே. இந்திய நீதிமன்றங்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. 1866-இலேயே கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, நல்லெண்ணத்தில் கட்டியவர் தம் கட்டுமானத்தை எடுத்துச்செல்லலாம், அல்லது ஈடு பெறலாம் என்று இந்நாட்டு வழக்கத்தை எடுத்துரைத்தது. குத்தகைதாரர் நிலத்தைப் பழைய நிலையில் விட்டுத் தாம் பதித்தவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று சொத்து மாற்றுச் சட்டமும் 108-ஆவது பிரிவில் சொல்கிறது. தரைக்கும் கட்டடத்துக்கும் வெவ்வேறு உரிமையாளர் இருப்பது நமக்கு இயல்பான நிலை.

சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், கட்டடம் கட்டியவர் அடிமனையையே விலைக்குக் கேட்கலாம் என்று வழி செய்தது. அது சென்னைக்கு வெளியே பல நகரங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. 1996 திருத்தம் சமய நிறுவனங்களின் நிலத்தை அதிலிருந்து விலக்கியது. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. எனவே கோயில் அடிமனையில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பம், வீட்டை விற்கும்போது விற்பது சுவரையும் கூரையையும் மட்டுமே. வாங்குபவருக்கு இதைச் சொல்லாமல் பத்திரம் எழுதுவது, என்னைக் கேட்டால், மோசடிக்குத் துணைபோவது. அதேபோல், மூன்று தலைமுறையாக ஒழுங்காக அடிமனை வாடகை கட்டியவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று ஒரே அறிவிப்பில் அடைப்பதும் அநியாயம். கோயிலுக்காக வாதாடுபவரும் குடியிருப்பவருக்காக வாதாடுபவரும் வாடகை ரசீதுகளை முதலில் எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்துப் பெண்களின் பங்கு. திருத்தணியில் நின்று இதைப் பேசும்போது எல்லை மீண்டும் குறுக்கே வருகிறது. மகளையும் பிறப்பால் கூட்டுக் குடும்பப் பங்காளியாக்கிய திருத்தம் ஆந்திரத்தில் 1985 செப்டம்பர் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25. இரண்டிலுமே அந்நாளுக்கு முன் திருமணமான மகளுக்கு இடமில்லை. அக்காவுக்கு 1988-இல் திருமணம், தங்கைக்கு 1990-இல் திருமணம் என்றால் ஒரே வீட்டில் ஒருத்திக்குப் பங்கு இல்லை, ஒருத்திக்கு உண்டு என்ற கொடுமை நம் சட்டப் புத்தகத்தில் பதினாறு ஆண்டுகள் இருந்தது. 2005-ஆம் ஆண்டு மையச் சட்டத் திருத்தம் அந்த வேற்றுமையை நீக்கியது. 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில், 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடிருக்க வேண்டிய தேவையில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் முடிவுகட்டியது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறைப்படி முடிந்துபோன பாகப்பிரிவினைகளை மட்டும் தொட முடியாது.

சட்டம் இவ்வளவு தெளிவான பின்னும் நடப்பது என்ன? தந்தை இறந்து முப்பது நாள் முடிவதற்குள் மகளை அழைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். "கூடப் பொறந்தவன்கிட்ட பங்கு கேப்பியா?" என்ற ஒரு கேள்வியில் பிறப்புரிமை கைமாறிவிடுகிறது. சீர் செய்தோமே, நகை போட்டோமே என்பது சட்டத்தில் பதிலாகாது. கையெழுத்துப் போடாத மகளுக்கும் ஓர் ஆபத்து உண்டு: அண்ணன் நெடுங்காலம் தனியே உழுது வந்தான், எனவே எதிர்மறை அனுபவத்தால் அவனுக்கே என்று வாதிடுவார்கள். அது நிற்காது. கூட்டுரிமையாளர் ஒருவரின் அனுபவம் எல்லோருக்காகவும் உள்ள அனுபவம். மற்றவர்களை வெளிப்படையாக விலக்கி, உன் உரிமையை மறுக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியச் செய்தாலொழிய காலம் ஓடத் தொடங்காது. 1956 டிசம்பரில் லட்சுமி ரெட்டி வழக்கில் சொல்லப்பட்ட இந்த விதி இன்றும் நிற்கிறது. பெண் கட்சிக்காரர் ஒருவர் உங்கள் முன் அமர்ந்து, பங்கு கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கும்போது இந்தத் தீர்ப்பு உங்கள் நினைவில் இருக்க வேண்டும்.

இறுதியாக, வழக்கின் வடிவம். உரிமை இருந்தும் வழக்கைத் தவறான வடிவில் போட்டுத் தோற்பவர்கள் பலர். நிலம் கையில் இருக்கிறது, உரிமையை யாரும் உருப்படியாக மறுக்கவில்லை, தொந்தரவு மட்டும் செய்கிறார்கள் என்றால் நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டால் போதும். கையில் நிலம் இல்லை என்றால் சுவாதீனம் கேட்க வேண்டும். உரிமையின்மேலேயே நிழல் விழுந்துவிட்டது என்றால் விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2008 மார்ச் 25-இல் அனதுல சுதாகர் எதிர் புச்சி ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழகாக வரிசைப்படுத்தியது. நில வழக்கு நடத்தப்போகும் ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்பை மனப்பாடம் செய்ய வேண்டும் என்பது என் துணிபு. வாதி தம் ஆவணத்தின் பலத்தில்தான் வெல்ல வேண்டும், எதிரியின் பலவீனத்தில் அல்ல. எதிரியிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை என்று ஒரு மணி நேரம் வாதிட்டாலும், நம் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால் வழக்குத் தள்ளுபடியாகும். முப்பது ஆண்டு பழமையான ஆவணத்துக்குச் சாட்சியச் சட்டம் ஓர் அனுமானத்தைத் தருகிறது. ஆனால் அது கையெழுத்து உண்மையானது என்ற அனுமானம் மட்டுமே. உள்ளே எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று அது சொல்லவில்லை.

மாணவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், நிலம் வைத்திருப்பவர்களின் பத்திரங்களைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தெலுங்கில் இருந்தால் தெலுங்கு தெரிந்த பெரியவரை உட்கார வைத்துப் படியுங்கள். அத்தகையவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கிளம்பும் ஒரு பெண்ணைப் பார்த்தால், கையெழுத்துக்கு முன் வட்ட சட்டப்பணிகள் குழுவுக்கு அழைத்துப் போங்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.